பெயர் சொல்லாமல் வாங்கும் மருந்து

ஜூலை 14, திங்கள்

காலையிலிருந்து பேய்க்காற்று. அவிநாசி ரோட்டு மண் மொத்தமும் கடைக்குள். ஷெல்ஃபைத் துடைக்கத் துடைக்க மறுபடி மண்.

இன்றைக்கு: சுகர் மாத்திரை ஆர்டர். ஃப்ரிட்ஜ் மெக்கானிக்குக்குப் போன். யாழினிக்கு வெள்ளை சாக்ஸ். பேன் லோஷன் தீரப்போகிறது, ஒரு பெட்டி சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூடம் திறந்ததிலிருந்து லோஷன் இப்படித்தான் ஓடுகிறது. மருந்துக்கடை வைத்து இத்தனை வருஷத்தில் எந்தச் சரக்கையும் இவ்வளவு ரகசியமாக விற்றதில்லை. வருகிறவள் நேராக வரமாட்டாள். முதலில் இருமல் சிரப்பைப் பார்ப்பாள். எடை மெஷினில் ஏறி இறங்குவாள். கடையில் ஆள் குறைந்ததும் கவுன்டரில் சாய்ந்து, "அக்கா, அந்தத் தலைக்குப் போடறது ஒண்ணு இருக்குமுங்களே..."

"தலைவலிக்குங்களா?"

"இல்லீங்க்கா. புள்ளைக்கு." கையால் காதுக்குப் பின்னால் ஒரு சொறி. "எங்க புள்ளைக்கில்லீங். ஊட்டு வேலைக்கு வார அம்மணியோட புள்ளைக்கு."

அவிநாசியில் இத்தனை வீட்டில் வேலைக்கு ஆள் இருப்பது எனக்கு இந்த மாதம்தான் தெரிந்தது. அதிலும் எல்லா வேலைக்காரிகளுக்கும் மகள். எல்லா மகளுக்கும் பேன். "பேப்பர்ல சுத்திக் குடுங்க்கா." ஆணுறை வாங்க வருகிற காலேஜ் பையன்கூடப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கிப் போகிறான்.

சாயங்காலம் யாழினி கணக்கு போட்டுக்கொண்டே இடது கையால் பிடரியைச் சொறிந்தாள். கொஞ்ச நேரம் பார்த்தேன். மறுபடி சொறி. டார்ச் அடித்துப் பார்த்தால் காதுக்குப் பின்னால் சரம் சரமாக ஈர். பேன் ஒன்று வெளிச்சத்துக்குப் பயந்து ஓடுகிறது. மருந்துக்கடைக்காரி மகள் தலையில்!

லோஷன். அலசல். கண்டிஷனர் போட்டுப் பேன் சீப்பால் வகிடு வகிடாகச் சீவினேன். வெள்ளைத் துண்டில் தட்டினால் விழுகிறது. "வலிக்குதும்மா, உடும்மா" என்று ஒரே அழுகை. பிறகு என் தலையைச் சீவிப் பார்த்தேன். எனக்கும் இருக்கிறது. கட்டிப்பிடித்துத் தூங்குகிறோமே.

வீட்டுக்காரர் செந்தில் சரவணம்பட்டியிலிருந்து ஆபீஸ் முடிந்து வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். ஹெல்மெட்டைக் கழற்றி வழுக்கையைத் தடவினார். "எனக்கு அந்தக் கவலையே இல்ல பாரு அம்மணி." அடிக்கவா முடியும்.


ஜூலை 15, செவ்வாய்

காற்று. கடைப் பலகை ஒரு பக்கம் கழன்று தொங்குகிறது.

வகுப்பு வாட்ஸாப் க்ரூப்பில் காலையிலேயே போட்டேன்: "யாழினிக்குப் பேன் இருந்தது. மருந்து போட்டாகிவிட்டது. ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை போட வேண்டும். எல்லோரும் பிள்ளைகள் தலையை வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். தலையோடு தலை முட்டினால் ஒட்டும். பயப்பட ஒன்றுமில்லை."

இதில் தப்பு என்ன? சளி என்றால் சொல்கிறோம், அம்மை என்றால் சொல்கிறோம். ஒருத்தி தலைக்கு மட்டும் மருந்து போட்டு என்ன பிரயோஜனம், பக்கத்துத் தலையிலிருந்து மறுபடி வரும். எல்லோரும் ஒரே வாரத்தில் பார்த்தால் தீர்ந்தது கதை. படித்த படிப்புக்கு இதைக்கூடச் சொல்லவில்லை என்றால் எதற்கு.

எல்லோரும் படித்துவிட்டார்கள். நீல டிக்.

மத்தியானம் சத்யா எழுதினாள். சத்யா யார்? யாழினியோடு ஒரே பெஞ்சில் உட்காரும் தன்ஷிகாவின் அம்மா. எல்.கே.ஜி.யில் இரண்டும் ஒன்றாக அழுததிலிருந்து நாங்களும் சிநேகிதம். அவள் வீட்டுத் தயிர் என் வீட்டில், என் வீட்டு ஊறுகாய் அவள் வீட்டில். தோட்டம், நாலு மாடு, தறிக்கூடம், வசதியான வீடு. அந்த சத்யா:

"எங்க வீட்ல எல்லாம் ரொம்ப சுத்தமா இருப்போம். ஒரு குழந்தைக்கு இருந்தா எல்லாருக்கும் பரவும். சரியாகிற வரைக்கும் வீட்லயே வெச்சுக்கிட்டா நல்லது. தப்பா நினைக்காதீங்க." கும்பிடுகிற கை பொம்மை.

அதற்குக் கீழே கட்டைவிரல், கட்டைவிரல், கட்டைவிரல். லோஷனைப் பேப்பரில் சுற்றி வாங்கிப் போன அத்தனை கட்டைவிரலும். ஒவ்வொன்றின் முகமும் எனக்குத் தெரியும்.

சுத்தமாம். பேனுக்குச் சுத்தமான தலை, அழுக்குத் தலை என்று பேதம் கிடையாது. ரத்தம் இருந்தால் போதும்.


ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. வாசலில் தேங்காய் சுட்டேன். யாழினி ஒரு துண்டு கடித்துவிட்டு வைத்துவிட்டாள்.

வேனில் அவளுக்குத் தனி சீட். டிரைவர் பக்கத்தில், எல்லோருடைய பைகளும் அடுக்குகிற இடம். நேற்றிலிருந்து அப்படித்தானாம். இன்றைக்குத்தான் சொன்னாள். அதுவும் நான் சாக்ஸைக் கழற்றும்போது, சாக்ஸைப் பார்த்துக்கொண்டே.

வேனில் வரும் ஆயாவை நிறுத்திக் கேட்டேன். "மிஸ்ஸு சொன்னாங்க கண்ணு. நானென்ன பண்றது."

மிஸ்ஸுக்குப் போன். "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. பேரன்ட்ஸ் கம்ப்ளெயின்ட் பண்றாங்க. ஒரு ரெண்டு வாரம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க."

"மருந்து போட்டுட்டேங்க மிஸ். இப்ப அவ தலைதாங்க கிளாஸ்லயே சுத்தமான தலை. மத்த புள்ளைங்க தலைய யாராச்சும் பாத்தீங்களா?"

"அதெல்லாம் பேரன்ட்ஸ் ஒத்துக்க மாட்டாங்க மேடம்."

ஆகவே, சொன்னவள் மகளுக்குத் தனி சீட். சொல்லாதவர்கள் மகள்கள் தலையோடு தலை சேர்த்து ஜன்னலோர சீட்டில். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் என் மகளும் அங்கே உட்கார்ந்திருப்பாள். இதைத்தான் பள்ளிக்கூடம் சொல்லிக் கொடுக்கிறது. ஃபீஸ் வாங்கிக்கொண்டு.

சத்யாவுக்குப் போன் பண்ணினேன். எடுக்கவில்லை. "மாடு கறக்கறேன், அப்புறம் கூப்பிடறேன்" என்று மெசேஜ். பகல் பதினொரு மணிக்கு எந்த மாடு கறக்கிறது?


ஜூலை 19, சனி

மண்டபத்தில் வள்ளி கும்மிப் பழக்கம். ஆடிப் பதினெட்டுக்குக் கோயில் மைதானத்தில் அரங்கேற்றம். பெரியவர்கள் வெளி வட்டம், பிள்ளைகள் உள் வட்டம். யாழினியும் தன்ஷிகாவும் ஜோடி. மே மாத லீவு முழுக்க இரண்டும் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கை தட்டித் தட்டிக் கீழ் வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார். அப்படிப் பழகின ஜோடி.

இன்றைக்குப் போனால் தன்ஷிகாவுக்கு வேறு ஜோடி. யாழினியைப் பாட்டுப் பெட்டிப் பக்கத்தில் உட்காரச் சொன்னார் கும்மி வாத்தியார். "அடுத்த தடவ ஆடிக்கலாம் அம்மணி. இப்பத்திக்கு மைக்கப் பாத்துக்கோ."

மைக்கைப் பார்த்துக்கொள்ள ஒன்பது வயசுப் பிள்ளை.

வாத்தியாரிடம் போனேன். அங்கே மேசை மேல் ஒரு அட்டைப்பெட்டி. உள்ளே சவுரி முடி. வாடகைக் கடையிலிருந்து மாதிரிக்கு வந்தது. ஒரு பிள்ளை வைத்துப் போட்டோ எடுத்துக்கொண்டு கழற்றினால் அடுத்த பிள்ளை அப்படியே தலையில் வைக்கிறது. ஒரே சீப்பு. ஒரே ரிப்பன். அம்மாக்கள் சுற்றி நின்று, "இந்தப் பக்கம் திரும்பு சாமி, அழகா இருக்குது."

"ஏனுங்க, இதுல பரவாதுங்களா? ஆளுக்கொரு சவுரி, ஆளுக்கொரு சீப்பு வேணுமுங்க."

"அட நீங்க ஒண்ணுங்க்கா. சவுரிக்கு எங்கிட்டுப் பேனு? அது செத்த முடி." எல்லோரும் சிரித்தார்கள். சத்யாவும்.

அப்போதுதான் பார்த்தேன். தன்ஷிகா வட்டத்தில் நின்றபடி இரண்டு கையும் தட்ட வேண்டிய இடத்தில் ஒரு கையைத் தூக்கிப் பிடரியில் வைத்துச் சொறிந்தாள். மூன்று விரலும் உள்ளே போய், கண்ணை மூடிக்கொண்டு. அந்தச் சொறி எனக்குத் தெரியாதா.

நான் பார்த்ததை சத்யா பார்த்தாள். சிரிப்பு அப்படியே நின்றது. போய் மகள் முடியை அள்ளி இறுக்கிக் கொண்டை போட்டு மேலே தன் துப்பட்டாவைச் சுற்றினாள். "வேர்க்குது கண்ணு, காத்துல நனஞ்சா சளி புடிக்கும்."

யாழினி மைக்கைப் பிடித்துக்கொண்டு தன்ஷிகாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டியில் திரும்பி வரும்போது, "அம்மா, என்னய மொட்டை போட்டுரு" என்றாள். காற்றுச் சத்தத்தில் கேட்காத மாதிரி ஓட்டினேன். கண் மறைத்தது.


ஜூலை 20, ஞாயிறு

இட்லிக்கு மாவு புளிக்கவில்லை. எல்லாம் அப்படித்தான் இருக்கிறது இந்த வாரம்.

காலை க்ரூப்பில் சத்யா ஒரு படம் போட்டிருக்கிறாள். "பொடுகு, பேன் வராமல் தடுக்க வீட்டைச் சுத்தமாக வைத்திருங்கள்." பூ பார்டர் போட்டு. என்ன நெஞ்சழுத்தம்.

அடக்க முடியவில்லை. எழுதினேன்: "ஜூன் மாதத்திலிருந்து என் கடையில் பேன் மருந்து யார் யார் வீட்டுக்குப் போயிருக்கிறது என்று எனக்குத் தெரியும். வேலைக்காரி மகளுக்கு என்று சொன்ன ஒவ்வொருவர் முகமும் ஞாபகம் இருக்கிறது. என் மகளை இன்னொரு தடவை ஒதுக்கினால் வாயைத் திறப்பேன்."

அனுப்பிய பிறகு நன்றாக இருந்தது. இங்கே எழுதுவதில் என்ன வெட்கம், ரொம்ப நன்றாக இருந்தது. பூ பார்டர் படம் அழிக்கப்பட்டது.

செந்தில் படித்துவிட்டுக் காபியைக் கீழே வைத்தார். "அழிச்சுப்போடு கவி."

"எதுக்குங்க அழிக்கோணும்?"

"கடைக்கு வாரவங்க சீக்க வெச்சுக்கிட்டு மிரட்டுனா அப்பறம் எவ வருவா? டாக்டரு இப்புடிப் பண்ணுனா நீ சும்மா இருப்பியா?"

"உங்க மகள வேன்ல மூட்டை வெக்கற எடத்துல உக்கார வெச்சிருக்காங்க. அதுக்குக் கோவம் வரல உங்களுக்கு?"

"வருது. அதுக்கு?"

அவர் சொல்வது சரி என்பதால் கூடக் கோபம். அழிக்கவில்லை.


ஜூலை 22, செவ்வாய்

வானம் மூட்டம். ஒரு சொட்டு விழவில்லை.

யாழினிக்கு இரண்டாவது தடவை மருந்து. எனக்கும். ஈர் மட்டும் காய்ந்துபோய் ஒட்டிக்கொண்டிருக்கிறது, பேன் இல்லை. தலையணை உறை எல்லாம் வெந்நீரில். சீப்பும். அது போதும். வீட்டையே கொளுத்த வேண்டாம்.

கடையில் லோஷன் பெட்டி உடைக்காமல் அப்படியே. நேற்றும் இன்றும் ஒருத்தரும் கேட்கவில்லை. பள்ளி யூனிஃபார்ம் போட்ட பிள்ளையோடு ஒரு அம்மா வாசல் வரை வந்தாள். என்னைப் பார்த்தாள். பாராசிட்டமால் ஒரு அட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். பிள்ளை தலையைச் சொறிந்துகொண்டே பின்னால் போகிறது.

பேன் போய்விட்டதாக இவர்கள் எல்லோரும் நினைக்கிறார்களா? இல்லை. நான் இருக்கிறேன் என்று நினைக்கிறார்கள்.

இரவு சாப்பாட்டின்போது யாழினி: "தன்ஷிகாவுக்கும் இருக்குதும்மா. ரொம்ப நாளா."

"எப்படித் தெரியும்?"

"சொன்னா. யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொன்னா."

"அப்ப என்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமில்ல சாமி?"

"நீ க்ரூப்புல போட்டுருவியே."

செந்தில் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். நான் ரசம் எடுக்க உள்ளே போனேன். ரசம் மேசை மேல்தான் இருந்தது.


ஜூலை 24, வியாழன்

ஃப்ரிட்ஜ் மெக்கானிக் கடைசியில் வந்தார். கம்ப்ரஸர் சரி.

ஒரு லோஷன் பாட்டில், ஒரு பேன் சீப்பு எடுத்துப் பையில் போட்டு வண்டியில் மாட்டினேன். சத்யா வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்றுதான். பொட்டிக்கடைத் திருப்பம் வரைக்கும் போனேன். அங்கே நின்று யோசித்தால் மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த முகம் வருகிறது. பூ பார்டர் வருகிறது.

எதற்கு நான் போக வேண்டும்? வாய் இருக்கிறது, கால் இருக்கிறது, வந்து கேட்கட்டும். பெயர் சொல்லிக் கேட்கட்டும். வண்டியைத் திருப்பினேன்.


ஜூலை 27, ஞாயிறு

கை இன்னும் மருந்து நாற்றம் அடிக்கிறது. நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் மத்தியானம் கடையை மூடப் போகிற நேரம். சத்யா போன். எடுக்கலாமா வேண்டாமா என்று பார்த்து எடுத்தேன். அழுகை மட்டும் கேட்கிறது.

"கவி... கவி... புள்ள எந்திரிக்க மாட்டேங்கறா. வாந்தி எடுத்தா. கண்ணு சொருகுது."

"என்ன ஆச்சு? என்ன சாப்பிட்டா?"

"சாப்பிடலை. தலைக்கு... தலைக்கு மருந்து போட்டேன்."

"என்ன மருந்து?"

மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"சத்யா, என்ன மருந்துடி?"

"கட்டுத்தறியில இருந்துச்சு. மாட்டுக்கு உண்ணிக்கு அடிக்கறது."

மாட்டுக் கொட்டகை மருந்து. வாளித் தண்ணீரில் துளி கலந்து மாட்டின் மேல் தெளிப்பது. அதைத் தண்ணீர் கலக்காமல் விளக்கெண்ணெயில் குழைத்து, ஒன்பது வயசுப் பிள்ளையின் தலையில், அதுவும் சொறிந்து புண்ணான தலையில் தேய்த்து, நன்றாக ஊறட்டும் என்று துண்டைச் சுற்றி வைத்திருக்கிறாள். எத்தனை நேரம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

கத்தினேன். "துண்டை அவுறு. போட்டிருக்கற துணிய எல்லாம் கழட்டு. சோப்புப் போட்டு அலசு, தண்ணி கொட்டிக்கிட்டே இரு, உன்ற கையில உறை மாட்டிக்க, கண்ணுக்குள்ள போகாம பாரு. மயக்கத்துல வாய்க்கு எதுவும் குடுக்காத. ஒருக்களிச்சுப் படுக்க வெச்சுக் காருல ஏத்தி அவிநாசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டா. அந்தப் பாட்டில எடுத்துக்கிட்டு வா. மறந்துறாத, பாட்டிலு!"

அவர்கள் ஆஸ்பத்திரிக்கு வருவதற்குள் நான் போய் நின்றேன். சத்யா வீட்டுக்காரர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். கால் தொங்குகிறது. தலைமுடி சொட்டச் சொட்ட நனைந்து, நாற்றம். டாக்டர் பாட்டிலைப் பார்த்ததும் முகம் மாறியது. நாடித் துடிப்பு குறைவு. மூச்சு மெதுவாக. உள்ளே கொண்டு போய்விட்டார்கள். நர்ஸோடு நானும் சேர்ந்து இன்னொரு தடவை தலையைக் கழுவினேன். அந்தச் சின்ன மண்டை என் கையில் பாரமாக, இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சாய்கிறது.

வெளியே வந்து சத்யாவைப் பிடித்துக்கொண்டேன். ஆறுதலுக்கு இல்லை. உலுக்கினேன். "அறிவு இருக்குதா உனக்கு? எத்தன கடை இருக்குது ஊருல?"

"எந்தக் கடைக்குப் போறது? இன்னொரு கடை என்ற வூட்டுக்காரரு மாமன் கடை. திருப்பூருக்குப் போயி வாங்கிட்டு வாங்கன்னேன். மாட்டுக்குக் கேக்குது, புள்ளைக்குக் கேக்காதான்னாரு. மருந்து வாங்க உன்ற கடைக்கு வந்தா, நீ..." நிறுத்தினாள். "நீ வாயத் திறப்பேன்னு போட்டியே கவி. முதல்ல உன்ற புள்ளைய ஊட்டுல வெய்யின்னு எழுதுனது நானு. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு வாரது?"

அறைந்திருந்தால் பரவாயில்லை.

என் வண்டிப் பையில் அந்த லோஷன் இன்னும் கிடக்கிறது. வியாழக்கிழமை போட்டது. பொட்டிக்கடைத் திருப்பத்திலிருந்து அவள் வீடு கண்ணுக்குத் தெரியும்.


ஜூலை 28, திங்கள்

தூறல். கடைசியில்.

தன்ஷிகா கண் விழித்துவிட்டாள். நாடி சரியாகிவிட்டதாம். இன்னும் ஒரு நாள் பார்த்து அனுப்புவார்களாம். கேட்டதும் ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். அழுது முடித்ததும் முதலில் வந்தது கோபம்தான். எல்லோர் மேலும். என் மேலும்.

க்ரூப்பைத் திறந்தால் சத்யா வீட்டுக்காரர் எழுதியிருக்கிறார்: "தன்ஷிகாவுக்கு ஃபுட் பாய்சன். பிரே பண்ணுங்க." கீழே பூங்கொத்து, கும்பிடு, பலூன். ஒருத்தி, "வெளிச் சாப்பாடு தராதீங்க" என்று அறிவுரை வேறு.

ஃபுட் பாய்சன்! இந்தக் க்ரூப்பில் பாதி வீட்டில் மாடு இருக்கிறது. பாதிக் கொட்டகையில் அந்தப் பாட்டில் இருக்கிறது. லோஷன் வாங்க எவளும் கடைக்கு வருவதில்லை. இன்றைக்கு இன்னொருத்தி பாட்டிலைத் திறக்க எவ்வளவு நேரம் ஆகும்?

விரல் போன் மேலேயே. எழுதினால் ஒரு வரி. "ஃபுட் பாய்சன் இல்லை" என்று போட்டால் போதும். போனவாரம் என்றால் போட்டிருப்பேன்.

போட்டது வேறு: "கோபத்தில் எழுதியது தப்பு. யார் என்ன வாங்கினார்கள் என்று யாரிடமும் சொல்ல மாட்டேன். அந்த மெசேஜை நம்பி யாரும் கடைக்கு வராமல் இருக்காதீர்கள். மாட்டு மருந்து, மண்ணெண்ணெய், பூச்சி மருந்து எதையும் பிள்ளைகள் தலையில் வைக்காதீர்கள். உயிர் போகும்."

ஒருத்தரும் பதில் போடவில்லை. உயிர் போகும் என்றால் சும்மா சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்கள். மருந்துக்கடைக்காரி வியாபாரத்துக்குச் சொல்கிறாள் என்றும்.

சத்யாவிடம் நேராகச் சொன்னேன். "இது உன்ற புள்ளையோட முடியற விஷயமில்ல. நீ சொன்னாத்தான் நம்புவாங்க."

"வூட்டுக்காரரு கொன்னுபோடுவாரு."

"புள்ளைய ரெண்டு பேரும் சேந்து கிட்டத்தட்ட அதத்தான் பண்ணியிருப்பீங்க."

கொடுமையான பேச்சு. திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.


ஜூலை 29, செவ்வாய்

மழை நின்று வெயில். கடையைப் பார்த்துக்கொள்ளச் செந்தில் லீவு போட்டார். மாத்திரை பெயரைத் தப்புத் தப்பாகப் படிப்பார். பிரிஸ்கிரிப்ஷன் எதையும் தொடக்கூடாது, சானிடரி நாப்கினும் சோப்பும் மட்டும் விற்க வேண்டும் என்று உத்தரவு.

சாயங்காலம் யாழினியை வேனிலிருந்து இறக்கி நேராக ஆஸ்பத்திரி. தன்ஷிகா உட்கார்ந்திருக்கிறாள். முகம் வெளுத்து, முடி எண்ணெய் இல்லாமல் பறக்கிறது. யாழினி வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே வரலாமா என்று சத்யாவைப் பார்க்கிறாள். ஒன்பது வயசுப் பிள்ளை சிநேகிதியைப் பார்க்க அனுமதி கேட்டு நிற்கிறது. இதைச் செய்தவர்களை என்ன செய்தால் தகும்.

"வா சாமி" என்றாள் சத்யா.

பிறகு போனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். கதவு திறந்துதான் இருந்தது. குரல் பதிவு செய்கிறாள். நடுங்குகிறது, நிறுத்துகிறாள், மறுபடி ஆரம்பிக்கிறாள்.

"நான் தன்ஷிகா அம்மா சத்யா பேசறேனுங்க. ஃபுட் பாய்சன் இல்லீங்க. தலையில பேனுன்னு நான்தானுங்க மாட்டு உண்ணி மருந்து வெச்சுப்போட்டேன். புள்ளை பொழச்சது பெரிய விஷயமுங்க. யாரும் அதத் தொட்டுப்போடாதீங்க. இன்னொண்ணுங்க. யாழினிகிட்டிருந்து எங்க புள்ளைக்கு வரலீங்க. எங்க புள்ளைக்கு மே மாசமே இருந்துச்சுங்க. நாந்தான் மறச்சுப்போட்டேன். அவகிட்டிருந்துதான் யாழினிக்கு வந்திருக்கோணும்."

மே மாதம். மொட்டை மாடியில் கும்மி அடித்த மே மாதம்.

தெரிந்துகொண்டேதான் என் மகளை வீட்டில் வைக்கச் சொல்லியிருக்கிறாள். தெரிந்துகொண்டேதான் பூ பார்டர் போட்டிருக்கிறாள். மன்னித்துவிட்டேன் என்று பாதி வழி வந்திருந்த எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. அவள் உள்ளே வந்து என்னைப் பார்த்தாள். அனுப்பிவிட்டாள் என்று தெரிந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை வாய் வரைக்கும் வந்துவிட்டது.

அப்போது கட்டில் பக்கம் ஒரு சிரிப்பு.

யாழினி எப்போது ஏறி உட்கார்ந்தாள் என்று தெரியவில்லை. என் போனில் கும்மி வீடியோ ஓடுகிறது. இரண்டும் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு, தலையோடு தலை ஒட்டி, ஒருத்தி முடி இன்னொருத்தி முடியில் விழுந்து கிடக்க, யாரோ தப்பாகத் தட்டியதற்குச் சிரிக்கிறார்கள்.

சத்யா பார்த்தாள். நானும் பார்த்தேன். 'தள்ளி உக்காரு' என்று அவளுக்கும் வரவில்லை, எனக்கும் வரவில்லை.

கோபம் போகவில்லை. இவளிடம் பழைய மாதிரி தயிர் வாங்க எனக்கு எத்தனை நாள் ஆகுமோ தெரியாது. ஆனால் அந்தத் தலைகளைப் பிரிக்க முடியாது. பிரிக்காமல் என்ன செய்ய வேண்டுமோ அதைத்தான் செய்ய வேண்டும்.

நர்ஸிடம் கேட்டுக்கொண்டு இரண்டையும் வராந்தாவுக்கு இறக்கினோம். சத்யா மடியில் வெள்ளைத் துண்டை விரித்தாள். போகிற வருகிற எல்லோரும் பார்க்கிறார்கள், பார்க்கட்டும். நான் வண்டிப் பையிலிருந்து கொண்டுவந்த பேன் சீப்பை எடுத்தேன். யார் தலை முதலில் என்று இரண்டுக்கும் சண்டை.